எஞ்சிய முக்கால் பங்கு

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர், கல்வி ஒருவனுக்குள் எவ்விதம் வந்து நிறைகிறது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லிவைத்திருக்கிறார். ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு கருத்தூன்றிக் கேட்டாலும் மாணாக்கன் கைக்கொள்வது கால் பங்குக்கு மேல் இராது. உடன் பயில்வோரோடு கூடிப் பழகுவதால் இன்னொரு கால் பங்கு சேரும். மீதியுள்ள பாதியோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து நிரம்பும் என்பது அவர் கண்ட முடிபு. வடமொழியிலும் இதனோடு உறவுடைய சுலோகம் ஒன்று வழங்குகிறது. அது ஆசான், சொந்த புத்தி, சகபாடிகள் ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு பங்கு அளித்துவிட்டு, நான்காம் பங்கைக் காலத்தின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. எந்தக் கணக்கு சரி என்ற வழக்கில் நாம் புக வேண்டியதில்லை. ஆனால் இரண்டிலுமே ஆசிரியரின் வாக்குக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்பது கவனிக்கத்தக்கது.

இணையத்தால் கல்விக்கு விளையும் நன்மைகளைப் பற்றி இந்நாளில் பேசுவோரும் எழுதுவோரும் பெரும்பாலும் அந்த முதற்கால் பங்கைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடக்குறிப்புக்களையெல்லாம் உலகத்தார் யாவரும் விலையின்றிப் படிக்கும்படி வெளியிடப் போவதாக அறிவித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து நம் நாட்டின் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கித் தம் பேராசிரியர்களின் விரிவுரைகளைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் வழங்கலாயின. நுழைவுத் தேர்வு என்னும் கோட்டை மதிலுக்கு அப்பால் நின்ற லட்சக்கணக்கான பிள்ளைகளின் காதில் அந்த விரிவுரைகள் விழுந்தன என்பது சாமானிய விஷயமன்று. ஆயினும் சொற்பொழிவைத் தொலைதூரத்துக்குக் கொண்டுசெல்லும் காரியத்தை வானொலியும் தொலைக்காட்சியும் முன்னமே செய்தவைதாம். வானொலியில் பாடம் கேட்டவன் திருப்பி ஒரு சந்தேகம் கேட்க இயலாது; அதே பாடத்தை அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றொருவன் யார், எங்கே இருக்கிறான் என்பதையும் அவன் அறியான். வலையமைப்பு புதிதாகக் கொணர்ந்தது எது என்று தேடினால், அந்த எஞ்சிய முக்கால் பங்கிலேதான் தேட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குச் சான்றாக நான் காட்ட விரும்பும் சரித்திரம், நாம் இன்று இணையம் என்று வழங்கும் அமைப்புக்கும் முந்தியது. 1960-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில், டொனால்டு பிட்ஸர் என்ற இளம் மின்பொறியியலாளர் பாடம் கற்பிக்கும் யந்திரம் ஒன்றை அமைக்க முற்பட்டார். உளவியலறிஞர் ஸ்கின்னர் போதனா யந்திரங்களைப் பற்றி எழுதியும் பேசியும் ஆவலைக் கிளப்பியிருந்த காலம் அது. பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியின் முடிவிலும் ஒரு வினாவை நிறுத்தி, விடை சரியாயிருந்தால் அடுத்த படிக்கு அனுப்பிக்கொண்டே போனால், மாணவன் தன் சொந்த வேகத்தில், பிறர் துணை வேண்டாமலே, கரையேறிவிடுவான் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. சர்வகலாசாலையில் இருந்த இல்லியாக் என்னும் பெருங்கணினியோடு ஒரு தொலைக்காட்சித் திரையையும் சில விசைகளையும் பூட்டி, பிட்ஸரும் அவருடைய தோழர்களும் அமைத்த அந்தச் சாதனத்துக்குப் பிளேட்டோ என்று பெயர். கிரேக்க ஞானியை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அது ஒரு நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைக் கோத்தமைத்த பெயர். அதில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். அடுத்த ஆண்டில் இருவர் படிக்கலாயினர். ஒரே கணினி, ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும் இடைவெளியில் மற்றொருவருக்கு ஊழியம் செய்து, இருவருக்கும் தனித்தனியே தான் கட்டுப்பட்டிருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கும் உத்தி அது. சில ஆண்டுகளில் இருபது பேர்வரை அவ்விதம் அமர்ந்து படிக்க வழி பிறந்தது.

இருபதை நூறாகவும் ஆயிரமாகவும் பெருக்க முயன்றபோது ஒரு தடை குறுக்கிட்டது. அந்நாளைத் திரையில் ஒளி கணத்தில் மங்கிவிடும். ஆகவே படம் நிலைத்து நிற்க வேண்டுமானால் அதை வினாடிக்குப் பல தடவை மறுபடி மறுபடி வரைந்துகொண்டே இருக்க வேண்டும். அங்ஙனம் வரைவதற்குப் படம் முழுவதையும் ஒரு நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நினைவகமோ அக்காலத்தில் யானை விலை விற்றது. பிட்ஸரும் அவருடைய சகாவான ஜீன் ஸ்லாட்டோவும் ராபர்ட் வில்ஸன் என்ற ஆராய்ச்சி மாணவரும் 1964-இல் இத்தடைக்குக் கண்ட பரிகாரமே, பிற்காலத்தில் வீட்டுக் கூடங்களில் தொலைக்காட்சியாய்த் தொங்கிய பிளாஸ்மாத் திரையின் மூலம். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நியான் கலந்த வாயுவை அடைத்து, குறுக்கும் நெடுக்குமாக மின்கம்பிகளை ஓட்டினால், கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வோரிடமும் ஒரு நுண்ணிய விளக்காகிறது. திரை முழுவதற்கும் ஒரு மாறுமின்னழுத்தம் ஓயாது கொடுக்கப்படுகிறது. அது அணைந்திருக்கும் புள்ளியைப் புதிதாக ஏற்றப் போதாது, ஆனால் ஏற்றப்பட்ட புள்ளியில் முன் ஒளிர்வின்போது கண்ணாடிச் சுவரில் தங்கிய மின்னூட்டமும் அதனோடு சேர்ந்துகொள்வதால், அப்புள்ளி அணையாமல் தொடர்கிறது. ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு ஆட்டத்தில் வைத்திருக்கலாம், நின்றுவிட்ட ஊஞ்சலை அந்த விரலால் கிளப்ப முடியாது என்பது போல. ஆகவே திரையே தன் படத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டது. கணினி மாற்றங்களை மாத்திரம் அனுப்பினால் போதும். வினாடிக்கு 1,200 துணுக்குகளை மட்டுமே சுமக்கவல்ல சாதாரணத் தொலைபேசிக் கம்பியே அதற்குப் போதுமானதாயிற்று.

1972-இல் நடைமுறைக்கு வந்த பிளேட்டோவின் நான்காம் அமைப்பில், செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் அத்தகைய திரைகள் பல கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் வைக்கப்பட்டன. நாளடைவில் அவற்றின் தொகை ஏறத்தாழ ஆயிரத்தை எட்டியது. விரலால் திரையைத் தொட்டு விடை சொல்லவும் அதில் வசதி இருந்தது. மரபியல் பயிலும் மாணவர் திரையிலேயே பழ ஈக்களை இணைசேர்த்து, தலைமுறைகள் கண்ணெதிரே கழிவதைக் கண்டு, குணங்கள் இறங்கிவரும் விதியைத் தாமே ஊகித்தனர். போதனா யந்திரம் என்னும் கனவு ஏறக்குறைய நனவாகிவிட்டதென்று சொல்லலாம். ஆனால் அந்த அமைப்பை இன்று நாம் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் பழ ஈக்கள் அல்ல.

அமைப்பில் ஏற்படும் பழுதுகளையும் சந்தேகங்களையும் பயனாளர் எழுதி வைப்பதற்கென்று ஒரு பொதுக் கோப்பு திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதில் எவரும் எழுதலாம், எவரும் அழிக்கலாம், எழுதியவர் யாரென்பதற்கு அத்தாட்சி ஏதும் இல்லை என்பதால், சீர்கேடு மிகுந்தது. இதைச் செப்பனிடும் வேலை 1973-இல் டேவிட் வூலி என்ற 17 வயது மாணவரிடம் வந்தது. எழுதுபவர் பெயரையும் தேதியையும் தானே பதிந்துகொண்டு, பிறர் கை வைக்காதபடி காக்கும் ஒரு நிரலை எழுதுவதே அவருக்கு இடப்பட்ட பணி. விடைக்கென்று திரையில் பாதியை ஒதுக்கலாம் என்று முதலில் கருதிய அவர், ஒரு விடைக்குப் பாதித் திரை போதாது, ஒரு கேள்விக்கு ஒரு விடையும் போதாது என்பதைச் சிந்தித்து, ஒவ்வொரு குறிப்பின் கீழும் 63 மறுமொழிகள் வரை அடுக்கடுக்காகத் தொடரும்படி அமைத்தார். அறிவிப்புக்களுக்கு ஒரு கோப்பு, உதவி வேண்டுவோருக்கு ஒரு கோப்பு, பொது விஷயங்களுக்கு ஒரு கோப்பு என மூன்றாக அது அவ்வாண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் டௌக் பிரௌன் என்பவர், ஐந்து பேர்வரை ஒரே திரையில் கூடி, ஒருவர் தட்டும் எழுத்து அக்கணமே மற்றவர்க்குத் தெரியும்படி சம்பாஷிக்கும் வழியையும் சமைத்துவிட்டார். அடுத்த ஆண்டில் தனிமடலும் வந்து சேர்ந்தது.

விளைவை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு மாணவனையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து, யந்திரம் ஒன்றையே அவனுக்குக் குருவாக்கும் நோக்கத்தோடு கட்டப்பட்ட ஓர் அமைப்பில், மாணவர்கள் கிடைத்த சந்து வழியே ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நிரல் எழுதத் தெரியாதவன் உதவிக் கோப்பில் ஒரு சந்தேகத்தைப் போட்டால், முகமறியாத ஒருவன் வேறோர் ஊரிலிருந்து விளக்கம் எழுதினான். விளக்கம் பெற்றவன் சில மாதங்களில் வேறு யாருக்கோ விளக்கம் எழுதினான். அந்தச் சூழலில் மாணவராய்ப் பழகிய ரே ஓஸி என்பவர், பிற்காலத்தில் வர்த்தக நிறுவனங்களில் பெரும்புகழ் பெற்ற லோட்டஸ் நோட்ஸ் என்னும் மென்பொருளை அதன் தூண்டுதலாலேயே அமைத்தார். சமூக வலைத்தளம் என்று இன்று நாம் வழங்கும் பண்டம், கேளிக்கைக் கூடத்தில் பிறந்து பின்னர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததென்று பலர் எண்ணுகிறார்கள். அதன் ஜாதகத்தைப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் பிறந்து பின்னர் வெளியே சென்றது என்பதே பொருந்தும்.

சகபாடியின் பேச்சில் அப்படி என்ன பிரயோசனம், அவனும் அரைகுறையாகக் கற்றவன்தானே என்று கேட்கலாம். ஹார்வர்டு சர்வகலாசாலையில் பௌதிகம் போதித்த எரிக் மேஸர், 1990-களின் ஆரம்பத்தில், வகுப்பின் நடுவே ஒரு வினாவை எழுப்பி, மாணவரைத் தனித்தனியே விடை குறிக்கச் செய்து, பின்பு பக்கத்திலிருப்பவரோடு சில நிமிஷம் தர்க்கிக்க விட்டு, மறுபடியும் விடை குறிக்கச் சொல்லும் முறையைக் கையாண்டார். இரண்டாம் முறை சரியான விடைகள் மிகுவதைக் கண்டார். கெட்டிக்காரன் சொன்னதை மற்றவன் அப்படியே எழுதிவிட்டான் என்று ஆட்சேபிப்பவர்களுக்கு, கொலராடோ சர்வகலாசாலையார் ஒரு மரபியல் வகுப்பில் செய்து 2009-இல் வெளியிட்ட சோதனை பதில் கூறியது. கலந்து பேசிய பிறகு, அதே கருத்தின் மேல் அமைந்த வேறொரு வினாவைத் தனியே விடுவிக்கச் செய்தபோது, ஆரம்பத்தில் எவருக்குமே விடை தெரியாதிருந்த குழுக்களில்கூட முன்னேற்றம் தென்பட்டது. வாயைத் திறந்து சொல்லும்போதுதான் தன் எண்ணத்தில் எங்கே ஓட்டை என்பது தனக்கே புலனாகிறது. தவிரவும், ஒரு விஷயத்தை முப்பது ஆண்டுகள் போதித்துப் பழகிய பேராசிரியருக்கு அது எங்கே கடினம் என்பது மறந்துபோயிருக்கும். நேற்று மாலைதான் அதை விளங்கிக்கொண்டவனுக்கு இடறிய இடம் இன்னும் வலித்துக்கொண்டிருக்கும்.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொரு பரீட்சை, ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளவியலறிஞர்கள் 2006-இல் வெளியிட்டது. மாணவர் சிலர் ஓர் உரைநடைப் பகுதியை இருமுறை படித்தனர். வேறு சிலர் ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, ஞாபகத்திலிருந்து எழுதினர். ஐந்து நிமிஷத்துக்குப் பின் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தியிருந்தனர். ஒரு வாரம் கழித்தோ, அவர்கள் 42 விழுக்காட்டையும் எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். அயலான் ஒருவனின் சந்தேகத்துக்கு வலைத்தளத்தில் விடை எழுத உட்காருகிறவன், தன்னை அறியாமலே இந்தப் பரீட்சையைத் தனக்கு நடத்திக்கொள்கிறான்.

வலையமைப்பின் அளவு பிளேட்டோவின் ஆயிரம் திரைகளிலிருந்து ஒரேயடியாகப் பெருகிய காலத்துக்கு வருவோம். 2011-இல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் செயற்கை அறிவுப் பாடத்தை செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் என்ற இருவரும் உலகுக்குத் திறந்துவிட்டபோது 1,60,000 பேர் பதிந்துகொண்டனர். கடைசிவரை நின்றவர்கள் இருபதினாயிரத்துச் சில்லறை. மறு ஆண்டில் எம்.ஐ.டி., மின்சுற்றுக்களைப் பற்றிய பாடமொன்றை, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அங்கே பேராசிரியராயிருந்த ஆனந்த் அகர்வால் முதலானோரைக் கொண்டு நடத்தியது. 1,54,763 பேர் பெயர் கொடுத்தனர், 7,157 பேர் நற்சான்று பெற்றனர். ஆரம்பத்தில் திரண்ட கூட்டத்தையும் இறுதியில் எஞ்சியவரையும் ஒப்பிட்டு ஏளனம் செய்தவர் பலர். எனக்கு அந்த ஏளனத்தில் அவ்வளவு சாரம் தென்படவில்லை. நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு வைத்துவிட்டவனை எவரும் தேர்வில் தோற்றவன் என்று சொல்வதில்லை.

சாரமுள்ள செய்தி வேறிடத்தில் இருக்கிறது. அந்த மின்சுற்றுப் பாடத்தின் பதிவுகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், பதிந்துகொண்ட அனைவரிலும் கலந்துரையாடல் பகுதியில் எழுதியவர்கள் நூற்றுக்கு மூவர்தாம் என்றும், நற்சான்று பெற்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அங்கே எழுதியவர்கள் நூற்றுக்கு 52 பேர் என்றும் கண்டனர். அவர்களிலும் கேள்வி கேட்டவர்களைக் காட்டிலும் பிறர் கேள்விக்கு விடை எழுதியவர்கள் அதிகம். கலந்து பேசியதால் தேறினார்களா, தேறும் ஊக்கமுடையவர்கள் இயல்பாகவே கலந்து பேசினார்களா என்பதை இக்கணக்கைக் கொண்டு மட்டும் தீர்க்க முடியாது. ஊக்கம் இரண்டுக்கும் பொதுக் காரணமாயிருக்கக்கூடும். இன்னொரு முடிவும் அதில் உண்டு: திரைக்கு வெளியே, பாடம் தெரிந்த ஒருவரோடோ உடன் பயிலும் ஒருவரோடோ அமர்ந்து உழைத்தவர்களின் மதிப்பெண் சராசரியாக மூன்று அளவில் உயர்ந்திருந்தது. அத்தனை கோடிப் பொருட்செலவில் அமைந்த ஏற்பாட்டில், ஒரு நண்பனின் விலை அவ்வளவு!

நம் நாட்டின் என்.பி.டி.இ.எல். திட்டத்தார் இதை அனுபவத்தால் உணர்ந்திருக்க வேண்டும். வெறும் விரிவுரைக் களஞ்சியமாக ஒரு பத்தாண்டு இருந்த அது, 2014 முதல் வாராந்தரப் பயிற்சிகளும் சந்தேகம் கேட்கும் களமும் சேர்ந்த பாடங்களாக உருமாறியது. பரீட்சையை மட்டும் வீட்டிலிருந்து எழுத விடாமல், மேற்பார்வையுள்ள மையத்தில் நேரே வந்து எழுதச் செய்தது. அதோடு, கல்லூரிகள் தோறும் உள்ளூர்க் கிளைகளை அமைத்து, அங்குள்ள ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாளராக்கி, அதே பாடத்தில் பதிந்த பிள்ளைகளை ஒருவரையொருவர் காணும்படி செய்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு, தீங்குகளைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வணிக நோக்குடைய சமூக வலைத்தளங்கள், பார்வையாளனைத் திரையின் முன் எவ்வளவு நேரம் கட்டிவைக்கலாம் என்பதையே அளவுகோலாகக் கொண்டு, அடுத்து எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கின்றன. கற்பவனுக்கோ ஒரே விஷயத்தின் முன் நெடுநேரம் திகைத்து நிற்க வேண்டியிருக்கிறது. இவ்விரு நோக்கங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போக மாட்டா. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது வாட்ஸ்அப் குழுக்களில் நடந்ததைப் பலரும் கண்டிருப்பார்கள்: ஆசிரியர் வீட்டுப்பாடத்தைப் படமெடுத்துப் போடுவார், நாற்பது பிள்ளைகள் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துத் திருப்பிப் போடுவார்கள், நடுவே பிள்ளைகளுக்குள் ஒரு சொல் பரிமாறப்படாது. பல குழுக்களில் ஆசிரியர் ஒருவரே எழுதலாமென்று பூட்டும் போடப்பட்டிருந்தது. கூச்சலுக்கு அஞ்சிப் போட்ட பூட்டு என்பது புரிகிறது. ஆயினும் கருவி இருவழிப் பாதையாயிருந்தும், அதை வானொலியாக மாற்றி உபயோகித்தோம். பூட்டை முற்றும் கழற்றினாலும் நன்மை தானே வந்துவிடாது. கேட்கத் தயங்குகிறவனைக் கேட்கவைக்கவும், தவறாக விளக்கியவனை நோகாமல் திருத்தவும், ஒரே சந்தேகம் பத்தாம் முறை வரும்போது பழைய விடையைக் காட்டிவிடவும், பொறுமையுள்ள ஒருவர் அங்கே காவல் இருக்க வேண்டும். அந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுக்க எந்தத் திட்டத்திலும் பணம் ஒதுக்கக் காணோம்.

அத்தகைய காவலும் தக்கதொரு வேலையும் அமைந்துவிட்டால் என்ன நிகழும் என்பதற்கு வானநூல் ஓர் உதாரணம் தருகிறது. ஸ்லோன் வானளவைத் தொலைநோக்கி எடுத்த ஏறத்தாழ ஒன்பது லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களை வகைப்படுத்த ஆளில்லாமல், ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கெவின் ஷவின்ஸ்கி, கிறிஸ் லிண்டாட் முதலிய ஆராய்ச்சியாளர் 2007 ஜூலையில் அவற்றைப் பொதுமக்கள் முன் வைத்தனர். வந்தவர் செய்ய வேண்டியது எளிது: மண்டலம் சுருள் வடிவமா, நீள்வட்டமா, சுருளாயின் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்துச் சொல்வது. முதல் ஆண்டில் ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்து ஐந்து கோடிக்கு மேற்பட்ட தீர்ப்புக்களை அளித்தனர். கேலக்ஸி ஜூ என்னும் அத்திட்டத்தோடு இணைந்த உரையாடற் களத்தில், ஹானி வான் ஆர்க்கல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஒரு படத்தின் ஓரத்தில் தெரிந்த விசித்திரமான மேகத்தைச் சுட்டி, இது யாதென்று வினவினார். வானநூலாருக்கும் அது புதிதாயிருந்தது. அயல் மண்டலத்தின் நடுவே முன்னொரு காலத்தில் கொழுந்துவிட்டெரிந்து அடங்கிய குவாசரின் ஒளியால் ஒளியூட்டப்பட்ட வாயுத்திரள் அது என்பது பின்னர்த் தெளிந்தது.

அதைவிட எனக்குச் சுவையாய்த் தோன்றுவது பச்சைப் பட்டாணிகளின் கதை. படங்களில் ஆங்காங்கே காணப்பட்ட சிறு பச்சை உருண்டைகளை அந்தக் களத்தில் சிலர் விளையாட்டாய்ச் சேர்க்கத் தொடங்கினர். சேர்க்கச் சேர்க்க, எது பட்டாணி எது பட்டாணியன்று என்ற விவாதம் எழுந்தது. தீர்ப்புச் சொல்ல அளவை வேண்டுமென்று, அதுவரை நிறமாலையைக் கண்டிராதவர்கள்கூட நிறமாலைகளைத் தேடியெடுத்து வாசிக்கப் பழகினர். ஆக்ஸிஜன் அயனி உமிழும் ஒரு கோடு அவற்றில் தனித்துயர்ந்து நிற்பதே பச்சை நிறத்துக்குக் காரணம் என்பதைக் கண்டு, விண்மீன்களையும் படக்குறைகளையும் பட்டியலிலிருந்து நீக்கினர். பின் வந்தவர்களுக்கு முன் வந்தவர்கள் அதைக் கற்பித்தனர். அளவிற் சிறியனவாய், விண்மீன்களை வியப்பூட்டும் வேகத்தில் ஈன்றுகொண்டிருக்கும் புதியதொரு மண்டல வகை அவை என்று தொழில்முறை ஆராய்ச்சியாளர் 2009-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஒருவரும் அத்தன்னார்வலர்களுக்குப் பாடத்திட்டம் வகுக்கவில்லை, தேர்வு வைக்கவுமில்லை.

இந்த வழி இன்று விரிந்து, ஆப்பிரிக்கக் காடுகளில் தானியங்கிக் கருவிகள் எடுத்த விலங்குப் படங்கள் முதல் பழைய கையெழுத்துப் பிரதிகள் வரை, பலவகைப் பொருள்களைக் கூடிப் பார்க்கும் ஸூனிவர்ஸ் என்னும் தளமாக நிற்கிறது, கட்டணம் ஏதுமில்லை. கிராமத்துப் பள்ளியொன்றில் ஒரே கணினியும் சுமாரான இணைப்பும் இருந்தால்கூட, ஆசிரியர் ஒரு படத்தைத் திரையில் நிறுத்திவிட்டு, இது எந்த விலங்கு, எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கொம்பைக் காட்டி ஒருத்தி ஒன்று சொல்வாள், வாலைக் காட்டி மற்றொருவன் மறுப்பான். அவர்கள் முடிவு தவறாயிருந்தாலும் விஞ்ஞானத்துக்குக் கேடில்லை. ஒரே படத்தைப் பலர் தனித்தனியே பார்த்துச் சொல்லும் தீர்ப்புக்களைத் திரட்டி, பெரும்பான்மை நோக்கியே விடை கொள்ளப்படுவதால், ஒரு வகுப்பின் பிழை அக்கூட்டத்தில் தானாகவே கரைந்துபோகும்படி அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது.